0.1-ஐப் பத்து முறை கூட்டினால் 1 வரவில்லை: தறி மீட்டரும் பழைய சிட்டாவும்

நகரித்தறி

எங்கள் வீட்டில் எட்டு விசைத்தறி ஓடுகிறது. துணி சுற்றும் உருளையில் மகள் ஒரு உணரியைப் பொருத்தியிருக்கிறாள். அது கல்லூரிக்கான செயல்திட்டம். துணி 10 சென்டிமீட்டர் நகர்ந்தால் ஒரு சைகை வரும். மடிக்கணினியில் அவள் எழுதிய பைத்தான் நிரல் ஒவ்வொரு சைகைக்கும் 0.1 என்று கூட்டிக்கொண்டே போகும். கூட்டுத்தொகை 1 ஆனதும் மணி அடித்து, ஒரு மீட்டர் என்று குறிக்க வேண்டும்.

மணி அடிக்கவே இல்லை. உணரியை மாற்றினோம், கம்பியை மாற்றினோம், தறி அதிர்வாக இருக்குமோ என்று ரப்பர் வைத்துப் பார்த்தோம். கடைசியில் ஒவ்வொரு கூட்டலையும் திரையில் காட்டச் சொன்னாள். பத்தாவது வரியில் 0.9999999999999999 என்று இருக்கிறது. அடுத்த வரி 1.0999999999999999. ஒன்றைத் தொடாமலே தாண்டிப் போகிறது.

கால்குலேட்டரில் அதே கூட்டல் சரியாக 1 காட்டுகிறது. கணினி ஏன் இப்படிச் செய்கிறது? தறிக்காரர்களுக்கு மீட்டர் கணக்கில்தான் கூலி. இதை நம்பி நான் கூலி போட முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குப்பம் பாஸஞ்சர்

அண்ணா, உணரியில் தவறில்லை, மகள் எழுதியதிலும் கூட்டல் தவறில்லை. 0.1 என்று நாம் எழுதும் எண் கணினிக்குள் போகும்போதே வேறு எண்ணாகிவிடுகிறது.

ஒன்றை மூன்றால் வகுத்தால் நமக்கு 0.3333 என்று முடிவில்லாமல் போகும், இல்லையா? எங்காவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்திய எண்ணை மூன்று முறை கூட்டினால் 0.9999தான் வரும். கணினிக்கு இந்தச் சிக்கல் பத்தில் ஒன்றிலேயே வந்துவிடுகிறது. அதற்குத் தெரிந்த பின்னங்கள் அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாக இறங்குபவை மட்டும். அவற்றை எப்படிச் சேர்த்தாலும் பத்தில் ஒன்று சரியாக வராது. பத்து என்பது 2 பெருக்கல் 5. அந்த ஐந்தைப் பாதியாக்கலால் எட்ட முடியாது.

0, 1 இரண்டு இலக்கம் மட்டுமே உள்ள இரும எண்ணில் 0.1 எழுதினால் 0.000110011001100 என்று 0011 திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். பின்ன எண்களை வைக்க இன்று அநேகமாக எல்லாக் கணினியும் பின்பற்றும் மிதவைப் புள்ளி முறை 1985-இல் ஐஇஇஇ 754 என்ற பெயரில் தரப்படுத்தப்பட்டது. அதில் 64 பிட் (பிட் என்றால் ஒரு இரும இலக்கம்) எண்ணுக்கு 53 இரும இலக்கத் துல்லியம் உண்டு. அதற்கு மேல் வருவது அருகிலுள்ள எண்ணாக முடிக்கப்படும். அதனால் உள்ளே உண்மையில் இருப்பது 0.1000000000000000055 என்று தொடங்கும் ஒரு எண். ஒவ்வொரு கூட்டலின் விடையும் மறுபடி இப்படியே முடிக்கப்படுவதால் கடைசியில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக நின்றது. சாதாரணக் கால்குலேட்டர்கள் பெரும்பாலும் நம்மைப் போலப் பத்துப் பத்தாகப் பிரிக்கும் பத்தடிமானத்திலேயே கணக்குப் போடுகின்றன. அதனால்தான் அங்கே 1 வந்தது.

தீர்வு சுலபம். மீட்டரில் கூட்ட வேண்டாம். சைகைக்கு 10 சென்டிமீட்டர் என்று முழு எண்ணாகக் கூட்டுங்கள், 100 ஆனால் மணி. முழு எண்களில் இந்தப் பிசகு கிடையாது.

நகரித்தறி

மாற்றிவிட்டாள், மணி அடிக்கிறது! நன்றி தம்பி. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. இத்தனை பெரிய இயந்திரம் பத்தில் ஒன்றை எழுத முடியாதது எப்படி? எங்கள் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். அவர் ஒரு முழத்தைப் பத்தாகப் பிரிப்பார்.

திருத்தணி வாத்தியார்

பத்தில் ஒன்றுக்கு நம்மிடம் பெயரே உண்டு: இருமா. இருபதில் ஒன்று ஒருமா, ஐந்தில் ஒன்று நாலுமா. என் தகப்பனார் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஒப்பித்தவர். திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. 1960 ஏப்ரலில்தான் இந்தத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. அவர் கடைசிவரை மனக்கணக்கை முந்திரியில்தான் போட்டார்.

முந்திரி என்றால் 320-இல் ஒன்று. ஏன் 320 என்பது எனக்கு ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. இரண்டை ஆறு முறை பெருக்கினால் 64, அதை ஐந்தால் பெருக்கினால் 320. அதாவது ஆறு தடவை பாதியாக்கவும் ஒரு தடவை ஐந்தாகப் பிரிக்கவும் அதில் இடம் இருக்கிறது. கால் என்றால் 80 முந்திரி. அரைக்கால் 40. மாகாணி, அதாவது வீசம், 20. ஒருமா 16. காணி 4. அரைக்காணி 2. இருமா 32, நாலுமா 64. எல்லாம் முழு எண்கள்! உங்கள் மகளின் பத்துச் சைகையை 32 முந்திரியாகக் கூட்டினால் பத்தாவதில் மிகச் சரியாக 320 வரும்.

முந்திரிக்குக் கீழேயும் போகலாம். ஒரு முந்திரியை மறுபடி 320 ஆக்கினால் கீழ்முந்திரி. அது 1,02,400-இல் ஒன்று.

ஊத்துக்கோட்டை ரோடு

வாத்தியார் ஐயா சொன்னதைப் படித்ததும் நெஞ்சு நிமிர்ந்தது. கணினி செய்ய முடியாததை நம் முன்னோர் செய்திருக்கிறார்கள். தமிழ் எண்முறைதான் உலகிலேயே சிறந்தது என்று இதிலேயே தெரிகிறதே.

திருத்தணி வாத்தியார்

தம்பி, உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் மூன்றில் ஒன்றை முந்திரியில் எழுதிப் பாருங்கள். 320-ஐ மூன்றால் வகுத்தால் மிச்சம் வரும். கீழ்முந்திரிக்குப் போனாலும் மிச்சம் வரும். எத்தனை தடவை இறங்கினாலும் வரும், ஏனென்றால் 320-க்குள் 3 இல்லை. எந்த அடிமானத்தை எடுத்தாலும், அதன் பகா எண்களால் ஆன பகுதி உள்ள பின்னங்கள்தான் அதில் முடியும். மற்றவை முடியாது. இரண்டை வைத்தவனுக்கு ஐந்து கிடைக்காது, இரண்டையும் ஐந்தையும் வைத்த நமக்கு மூன்று கிடைக்காது. பாபிலோனியர் 60-ஐ வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு மூன்று கிடைத்தது, ஏழு கிடைக்கவில்லை. நம் மணிக்கூட்டின் நிமிடமும் நொடியும் அங்கிருந்து வந்தவைதான். ஒரு மணியில் மூன்றில் ஒரு பங்கு சரியாக 20 நிமிடம்.

ஆகவே எது உயர்ந்தது என்று கேட்பதை விட, எந்தக் கணக்குக்கு எது பொருந்தும் என்று கேட்டால் நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

புத்தூர் பேரேடு

ஐயா, உங்கள் பதிவைப் பார்த்துத்தான் உறுப்பினர் ஆனேன். எங்கள் தாத்தா சித்தூரில் ஒரு வெல்ல மண்டியில் குமாஸ்தா. வீட்டில் பேசுவது தமிழ், மண்டியில் எழுதுவது தெலுங்கு. அவருடைய சிட்டா, அதாவது நாள்கணக்கு ஏடு ஒன்று, 1956-57 வருடத்தது, எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. ரூபாய்ப் பத்தியில் எண் இருக்கிறது, அது புரிகிறது. அதற்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கோடுகள். சில இடத்தில் நிமிர்ந்த கோடு ஒன்றோ இரண்டோ மூன்றோ. அதை ஒட்டிப் படுத்த கோடுகள், அவையும் மூன்றுக்கு மேல் இல்லை. நான்கு கோடு எங்குமே இல்லை. கடைசியில் தம்படிக்குத் தனிப் பத்தி. இது வாத்தியார் ஐயா சொல்லும் முந்திரிக் கணக்கா?

சத்தியவேட்டுக்காரி

அண்ணா, அது முந்திரி இல்லை, தெலுங்குப் பின்ன எழுத்து. என் அம்மாவின் அப்பா காளாஸ்திப் பக்கம் ஒரு கிராமத்தில் கரணமாக, அதாவது ஊர்க் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவர் மடியில் உட்கார்ந்து நான் படித்தது இது, அதனால் எழுதக் கை பரபரக்கிறது.

தெலுங்கில் பின்னத்தை நான்கு நான்காகப் பிரிப்பார்கள். முதல் இடம் கால். இரண்டாம் இடம் காலில் கால், அதாவது 16-இல் ஒன்று. அதற்கும் பெயர் வீசம்தான், தமிழில் உள்ள அதே வீசம். மூன்றாம் இடம் 64-இல் ஒன்று. இப்படியே இறங்கலாம். முதல் இடத்து எண்ணை நிமிர்ந்த கோடாகவும், இரண்டாம் இடத்தைப் படுத்த கோடாகவும், மூன்றாவதை மறுபடி நிமிர்ந்த கோடாகவும் எழுத வேண்டும். மாறி மாறி வருவதால் எது எந்த இடம் என்று கண் தடுமாறாது. நான்கு கோடு வராததற்குக் காரணமும் அதுதான். நான்கு சேர்ந்தால் முந்தின இடத்தில் ஒன்று ஆகிவிடும்.

ஒரு ரூபாய்க்கு 16 அணா. அப்படியானால் ஒரு அணாவே ஒரு வீசம். மூன்று நிமிர்ந்த கோடும் ஒரு படுத்த கோடும் இருந்தால் முக்காலும் வீசமும், அதாவது 13 அணா. ஒரு நிமிர்ந்த கோடு, மூன்று படுத்த கோடு என்றால் 7 அணா. இரண்டணாவை எங்கள் பக்கம் பேடா என்போம். அதில் கால் இடம் காலி. அங்கே சும்மா விடாமல் ஹள்ளி என்ற ஒரு தனிச் சுழியத்தைப் போட்டு, பிறகு இரண்டு படுத்த கோடு போடுவார்கள். காலணா 64-இல் ஒன்று. முதல் இரண்டு இடமும் சுழியம், மூன்றாம் இடத்தில் ஒரே ஒரு நிமிர்ந்த கோடு.

தம்படிக்கு ஏன் தனிப் பத்தி என்று இப்போது உங்களுக்கே விளங்கியிருக்கும். அணாவுக்கு 12 தம்படி. அதில் ஒரு மூன்று இருக்கிறது. நான்கு நான்காகப் பிரித்துத் தம்படியைப் பிடிக்கவே முடியாது.

குப்பம் பாஸஞ்சர்

அக்கா, ரயிலில் நின்றுகொண்டே இதைப் படித்தேன். பங்காருபேட்டை தாண்டும்வரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நகரி அண்ணாவின் மகளுக்கு இதைக் காட்டுங்கள். நான்கடிமானத்தில் ஒரு இலக்கம் என்பது இருமத்தில் சரியாக இரண்டு பிட். 13 அணாவை அந்தக் குமாஸ்தா 3, 1 என்று கோடு போட்டிருக்கிறார். 3 என்பது 11, 1 என்பது 01. சேர்த்தால் 0.1101. கணினி ரூபாயில் 13 அணாவை வைத்தால் உள்ளே இருப்பதும் இதே 1101தான், ஒரு பிட் மாறாது. அந்தச் சிட்டாவில் இருப்பது கணினிக்குள் இருக்கும் பின்ன எண்ணே. கோடு போட்டு எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் பத்தில் ஒன்று தெலுங்குக் கோட்டு முறையிலும் முடியாது. போட்டுப் பார்த்தேன்: 0, 1, 2, 1, 2, 1, 2 என்று போய்க்கொண்டே இருக்கிறது. நான்கு இடத்தோடு நிறுத்தினால் 0.09765625 கிடைக்கிறது.

ஒரே ஜில்லா, ஒரே சந்தை. ஒரு வீட்டில் முந்திரி, பக்கத்து வீட்டில் கோடு. முந்திரிக்காரருக்குப் பத்தில் ஒன்று சரியாக வரும், கோட்டுக்காரருக்கு வராது. இருவரும் வீசத்தில் சந்தித்துக்கொள்வார்கள். அணா இருந்தவரை அது போதுமானதாக இருந்திருக்கும்.

புத்தூர் பேரேடு

தம்பி, "அணா இருந்தவரை" என்று நீங்கள் எழுதியதைப் பார்த்து மறுபடி சிட்டாவை எடுத்தேன். 1957 ஏப்ரல் 1, திங்கட்கிழமை. அந்தப் பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி கோடு கிழித்து "ந.பை." என்று எழுதியிருக்கிறார். நயா பைசா. முதல் வாரம் முழுக்க இரண்டும் இருக்கிறது: கோடும் போட்டு, பக்கத்தில் பைசாவும். இந்தச் சிட்டா முடிகிற இடத்துக்குள் கோடுகள் மெல்ல மெல்லக் குறைந்து நின்றே போகின்றன. எழுத்து அவருடையதுதான், ஆள் மாறவில்லை.

நேற்றுவரை தாத்தாவுக்குக் கண் மங்கியதால் விட்டுவிட்டார் என்றே நினைத்திருந்தேன்.

திருத்தணி வாத்தியார்

கண் மங்கவில்லை ஐயா. நூறில் ஒன்றைக் கோட்டில் எழுத வழியே இல்லை. ரூபாயை நூறாகப் பிரித்த அன்றே அந்த எழுத்துக்கு வேலை போய்விட்டது.

எனக்கு அந்த நாட்கள் நினைவிருக்கின்றன, அப்போது பத்து வயது. அணாவுக்குச் சரியான மதிப்பு ஆறேகால் பைசா. கால் பைசா நாணயம் கிடையாது. அதனால் ஒரு அணாவுக்கு 6 பைசா. மூன்று அணா என்றால் பதினெட்டே முக்கால், அதற்கு 19. ஒரு ரூபாயை ஒற்றை அணா அணாவாகப் பதினாறு தடவை மாற்றினால் 96 பைசாதான் கையில் நிற்கும். நாலு பைசா எங்கேயோ போய்விடும்! எங்கள் அம்மா அப்பளம் விற்றவர், அணா அணாவாகத்தான் காசு வரும். அவருக்கு அது பெரிய வருத்தம். யாரும் திருடவில்லை, ஒவ்வொரு தடவையும் கால் பைசா முடிப்பில் விழுந்தது. தறியில் உங்கள் மகள் பார்த்த 0.9999 இதே சங்கதிதான். அது கூட்டிக் கூட்டி ஒன்றைத் தவறவிட்டது, இது கூட்டிக் கூட்டி நாலு பைசாவைத் தவறவிட்டது.

அப்புறம், நேற்று இரவு தூக்கம் வராமல் ஒன்று கணக்குப் பார்த்தேன். புதிய பைசாவைத் தமிழ் முறையில் எழுத முடியுமா என்று. நூறில் ஒன்று என்பது 3 முந்திரியும் கொஞ்சமும். அந்தக் கொஞ்சம் என்பது முந்திரியில் ஐந்தில் ஒன்று, அதாவது 64 கீழ்முந்திரி. மூன்று முந்திரிக்கு 960 கீழ்முந்திரி. கூட்டினால் ஒரு பைசாவுக்கு 1024 கீழ்முந்திரி, மிச்சமே இல்லாமல். எழுதி முடித்துவிட்டு அந்த 1024-ஐப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

குப்பம் பாஸஞ்சர்

ஐயா! 1024 என்பது இரண்டைப் பத்து முறை பெருக்கியது. நாங்கள் அலுவலகத்தில் நாள் முழுக்கப் பார்க்கும் எண். 1,02,400 என்பது 1024 பெருக்கல் 100 என்று நானே கவனிக்கவில்லை.

முடிப்புப் பிசகு சின்னதுதானே என்று யாரும் விட்டுவிட வேண்டாம். 1991 பிப்ரவரி 25-ஆம் தேதி சவூதியின் தஹ்ரானில் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு ஒரு ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தார்கள். அதன் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணியது. நொடியாக மாற்ற, 24 பிட்டில் வெட்டி வைத்த 0.1-ஆல் பெருக்கியது. ஒவ்வொரு துடிப்புக்கும் பிசகு நொடியில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் அணைக்காமல் 100 மணி நேரம் ஓடியிருந்தது. 36 லட்சம் துடிப்பு. மொத்தம் சுமார் 0.34 நொடி. அந்த நேரத்தில் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். அந்த இருபத்தெட்டுப் பேரை நினைக்காமல் என்னால் 0.1 என்று நிரலில் எழுத முடிவதில்லை.

நகரித்தறி

படித்து வருத்தமாக இருந்தது. சரி, இனி கூலியையும் பைசாவிலேயே முழு எண்ணாக வைக்கச் சொல்கிறேன். அதில் ஏதாவது ஆபத்து உண்டா?

குப்பம் பாஸஞ்சர்

ஒன்றே ஒன்று உண்டு. இடம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 32 பிட்டில் கூட்டல், கழித்தல் குறியோடு முழு எண் வைத்தால் உச்சம் 2,14,74,83,647. பைசாவாகப் பார்த்தால் அது 2 கோடியே 14 லட்சத்துச் சொச்சம் ரூபாய். ஒரு மண்டியின் வருடக் கணக்கு அதைத் தாண்டிவிடலாம். தாண்டினால் பல மொழிகளில் எண் சட்டென்று கழித்தலுக்குப் போய்விடும். பழைய மீட்டர் பெட்டியை 000-இலிருந்து ஒரு பல் பின்னால் சுற்றினால் 999 காட்டும் அல்லவா? அந்த 999-ஐயே கழித்தல் ஒன்று என்று வைத்துக்கொள்வதுதான் கணினியின் முறை. அதனால் உச்சத்தைத் தாண்டிய எண் கழித்தல் பக்கம் விழுகிறது. பைத்தானில் முழு எண் தானாக வளரும், அதனால் உங்கள் மகள் கவலைப்பட வேண்டாம். தரவுத்தளத்தில் போட்டால் 64 பிட் என்று சொல்லச் சொல்லுங்கள்.

சத்தியவேட்டுக்காரி

ஒரு சந்தேகம் தம்பி. இந்தக் கோடுகளையும் முந்திரியையும் கணினியில் தட்டச்ச முடியுமா? என் தாத்தாவின் கணக்குகளை அப்படியே எழுதி வைக்க ஆசை.

குப்பம் பாஸஞ்சர்

முடியும் அக்கா. தெலுங்குப் பின்னக் கோடுகள் யூனிகோடில் 2008-இல் சேர்ந்தன. நிமிர்ந்தது, படுத்தது, ஹள்ளி எல்லாம் தனித்தனிக் குறியாக இருக்கின்றன. தூமு என்ற தானிய அளவைக்கும் ஒரு குறி உண்டு. தமிழுக்கு ௧ முதல் ௯ வரையும் ௰, ௱, ௲-உம் முன்பே இருந்தன. இட மதிப்புக்கான சுழியம் ௦ 2005-இல் வந்தது. முந்திரி, காணி, மா போன்ற பின்னக் குறிகள் 2019-இல்தான் வந்தன. எல்லா எழுத்துருவிலும் அவை இருக்காது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு ஒரு சின்ன வேலை: பைத்தானில் ௧௨ என்று கொடுத்து முழு எண்ணாக மாற்றச் சொல்லட்டும். 12 என்று வாங்கிக்கொள்ளும். ௰௨ என்று கொடுத்தால் மறுக்கும். இரண்டுமே பன்னிரண்டுதான். ஆனால் முதலாவது இட மதிப்பு, இரண்டாவது பழைய முறை. 1957-ஐ அந்த முறையில் ௲௯௱௫௰௭ என்று எழுதுவோம். அதில் ௰ என்பது இலக்கம் அல்ல, பெருக்கச் சொல்லும் குறி.

நகரித்தறி

செய்து பார்த்தாள், அப்படியே நடந்தது. இப்போது மீட்டரை முந்திரியில் காட்ட ஒரு பொத்தான் வைக்கிறேன் என்கிறாள். சைகைக்கு 32. தறிக்காரர்களில் மூத்தவர் ஒருவருக்கு மட்டும் அந்தச் சொல் தெரிந்திருந்தது. அரைக்கால், மாகாணி என்று அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள்.

புத்தூர் பேரேடு

பரணில் இன்னும் இரண்டு கட்டு இருக்கிறது, 1957-க்கு முந்தினவை. ஞாயிற்றுக்கிழமை இறக்குகிறேன். அதில் எடைப் பத்தியும் உண்டு. மணங்குக்கு எட்டு வீசை, ஆகவே ஒரு வீசை என்பது ஹள்ளியும் இரண்டு படுத்த கோடும்தானே, அக்கா? அப்படியானால் முதல் பக்கத்தில் இருப்பது 14 மணங்கு 3 வீசை. ஒரு நிமிர்ந்த கோடு, இரண்டு படுத்த கோடு.

சத்தியவேட்டுக்காரி

ஆமாம் அண்ணா, 3 வீசை என்றால் காலும் அரைக்காலும். சரியாகப் படித்துவிட்டீர்கள். தூமுக் குறி எங்காவது தென்பட்டால் படம் போடுங்கள்.